வீட்டிலேயே கியர் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றும் முறை

எஞ்சின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிற பலர், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலையும் பிரேக் குழாய்களுக்குள் இருக்கும் திரவத்தையும் வண்டி வாங்கிய நாளிலிருந்து நினைத்துப் பார்ப்பதே இல்லை. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதும், கெட்டுப்போனாலும் வண்டி ஓடிக்கொண்டே இருப்பதும் அதற்குக் காரணம். இந்த இரண்டையும் சமதளமான சிமெண்டுத் தரையும் அடிப்படைக் கருவிகளும் உள்ள எவரும் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே மாற்றிவிடலாம். இதற்கு வேண்டிய கைத்திறன் குறைவு. வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை அறிந்து, அந்த வரிசையை எங்கும் மாற்றாமல் கடைப்பிடிப்பதே பெரும்பகுதி. நம் சாலைகளில் மிகுதியாக ஓடுகிற, முன்சக்கரங்கள் இழுக்கும், கையால் கியர் மாற்றும் சிறிய காரை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன். பின்சக்கரம் தள்ளும் வண்டிகளுக்குரிய வேறுபாடுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எப்போது மாற்ற வேண்டும்

கியர் ஆயில் பற்சக்கரங்களின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உதிரும் உலோகத் துகள்களாலும் முதுமையடைகிறது. ஆகவே அதன் ஆயுளைப் பெரும்பாலும் கிலோமீட்டரால் அளக்கிறோம். பிரேக் திரவம் அப்படியன்று. அது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கார் நிறுத்தியே கிடந்தாலும் பிரேக் திரவத் தொட்டியின் மூடியிலுள்ள துளை வழியாகவும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அதனால் பிரேக் திரவத்தைக் கிலோமீட்டர் பாராமல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே முறை. பல நிறுவனங்களின் பராமரிப்பு அட்டவணையும் இதையே சொல்கிறது.

ஈரம் சேர்வதால் என்ன கேடு என்பதை எண்களில் பார்த்தால் புரியும். பிரேக் திரவங்களை டாட் 3, டாட் 4 என்று தரவகைகளாகப் பிரிப்பார்கள். டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 4 திரவத்துக்கு இவை 230, 155 டிகிரி, டாட் 5.1 திரவத்துக்கு 260, 180 டிகிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, உதகையிலிருந்து கல்லட்டி வழியாகவோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சக்கரங்களில் எழும் வெப்பம், பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் வழியாகத் திரவத்துக்குள் செல்கிறது. ஈரம் சேர்ந்த பழைய திரவம் அங்கே கொதித்து ஆவியானால், மிதியை அழுத்தும்போது ஆவிக்குமிழிகள் நசுங்குமேயன்றி அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சமவெளியில் ஓட்டும்போது எந்த அறிகுறியும் காட்டாத திரவம் மலையிறக்கத்தில்தான் கைவிடும் என்பதால், மலைப்பயணத்துக்கு முன்பு இந்த வேலையை முடித்துக்கொள்ளுமாறு அழுத்தமாகச் சொல்வேன்.

சரியான திரவத்தைத் தேர்ந்தெடுத்தல்

விலை உயர்ந்ததை வாங்குவதைவிட, காருடன் வந்த கையேட்டில் குறித்திருப்பதை வாங்குவது முக்கியம். கியர் ஆயில் டப்பாவில் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும். 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்பவை பாகுத்தன்மையைக் குறிக்கும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை அழுத்தம் தாங்கும் சேர்மங்களின் அளவைக் குறிக்கும். ஜிஎல்-5 எண் பெரிதாக இருப்பதால் அது மேலான ஆயில் என்று எண்ணி வாங்குவோர் உண்டு. கடைக்காரர்களிலும் அப்படிச் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்கள் மிகுதி. பின் ஆக்சிலின் கிரவுன் பற்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுழல்வதால் அங்கே அவை தேவை. கையால் மாற்றும் கியர்பாக்ஸிலோ, கியர் விழும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் பித்தளையாலான சிங்க்ரோனைசர் வளையங்கள் உண்டு. இந்தச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதோடு, வளையங்கள் பிடிப்பதற்கு வேண்டிய உராய்வையும் குறைத்து, கியர் விழும்போது உறுத்தலை உண்டாக்கும். கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4 மட்டுமே ஊற்ற வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் சிலவற்றுக்குக் கியர் ஆயிலும் சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவமும் குறிக்கப்பட்டிருக்கும். ஊகித்து ஊற்றுவதற்கு அங்கே இடமே இல்லை.

தானியங்கி கியர்பாக்ஸ்களைப் பற்றி ஒரு சொல். டார்க் கன்வர்ட்டர், சிவிடி, இரட்டை கிளட்ச் வகைகளில் திரவ மட்டத்தைக் குறிப்பிட்ட வெப்பநிலையில், பல நேரங்களில் கணினிக் கருவியின் துணையோடு பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அவற்றை வீட்டில் தொடாமல் விடுவதே நல்லது. ஏஎம்டி எனப்படும் வகையில் உள்ளே இருப்பது சாதாரணக் கியர்பாக்ஸே. அதன் கியர் ஆயிலை மாற்றலாம். ஆனால் கியரை மாற்றிவிடும் ஹைட்ராலிக் அமைப்பு இருந்தால் அதன் திரவம் வேறு. அதைத் தொட வேண்டாம்.

பிரேக்குக்கு மூடி முத்திரை உடையாத புதிய டப்பாவாக ஒரு லிட்டர் வாங்கினால் சிறிய காருக்குப் போதுமானது. திறந்து பாதி பயன்படுத்தி அலமாரியில் வைத்த டப்பா தானும் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதை ஊற்றுவது வேலையை வீணாக்கும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, டாட் 5.1 என்பதோடு அதைக் குழப்பிக்கொண்டு நம் கார்களில் ஊற்றிவிடக் கூடாது.

வண்டியைத் தூக்கி நிறுத்துதல்

ஜாக்கி தூக்குவதற்கான கருவி மட்டுமே. அதன்மேல் நிற்கும் வண்டிக்குக் கீழே ஒருபோதும் உடலை நுழைக்கக் கூடாது. தூக்கியபின் எடை தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டுகளை, கையேடு காட்டும் இடங்களில் வைத்து வண்டியை அவற்றின்மேல் இறக்க வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வண்டியை நிறுத்தும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இன்றி நொறுங்கும். இதில் உயிர் போகும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மண் தரையானால் ஸ்டாண்டுகளின் கீழ் தடித்த பலகை போட வேண்டும். நிறுத்தியபின் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்து, அசையாது என்று உறுதியான பிறகே கீழே போக வேண்டும்.

கியர் ஆயிலின் மட்டத்தை அளக்க வண்டி கிடைமட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஆகவே நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துவது, அல்லது பள்ளம் வெட்டிய தரையின்மேல் நிறுத்துவது சிறந்தது. ரேம்பில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி இந்த வேலையைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கியர் ஆயில் மாற்றுதல்

பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த ஆயில் மெல்ல இறங்கும். துகள்களையும் அடியிலேயே விட்டுவிடும். சைலன்சர் குழாய் அருகிலேயே இருக்கும் என்பதால் அது சற்று ஆறும்வரை பொறுத்து, பிறகு கீழே செல்லலாம்.

முதலில் நிரப்பும் துளையின் பிளக்கைக் கண்டுபிடித்துக் கழற்ற வேண்டும். ஆயிலை வடிக்கும் அடிப்பிளக்கை அதற்குப் பிறகே தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பல ஆண்டுகள் தொடாத நிரப்பும் பிளக் இறுகிப் போயிருக்கும். ஆயிலை வடித்துவிட்டு அது கழலவில்லை என்று கண்டுபிடித்தால், கியர்பாக்ஸில் ஆயில் இல்லாத வண்டி வீட்டில் நின்றுவிடும். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. பல சிறிய கார்களில் நிரப்பும் பிளக் கியர்பாக்ஸின் பக்கவாட்டில், இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் தெரியும் இடத்தில் இருக்கும். சிலவற்றில் சதுரக் குழி, சிலவற்றில் அறுகோணக் குழி, சிலவற்றில் சாதாரண போல்ட் தலை. குழிக்குள் அழுக்கு அடைத்திருந்தால் குச்சியால் தோண்டி, சரியான அளவுக் கருவியை முழுவதும் உள்ளே இறக்கிய பிறகே திருப்ப வேண்டும். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். முரட்டுத்தனத்தை அது பொறுக்காது.

இன்னொரு எச்சரிக்கை: எஞ்சின் ஆயில் வடிக்கும் பிளக்கும் கியர்பாக்ஸ் பிளக்கும் சில கார்களில் ஒரு முழத் தொலைவுக்குள் இருக்கின்றன. ஒன்றை வடித்து மற்றொன்றில் நிரப்பிவிடும் தவறு எங்கும் நடப்பதுண்டு. கியர்பாக்ஸ் காலியாகவும் எஞ்சின் நிரம்பி வழிந்தும் ஓடினால் இரண்டும் கெடும். கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எந்த உறுப்பின் கூட்டில் அந்தப் பிளக் இருக்கிறது என்பதைக் கையால் தொட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடியில் அகன்ற தட்டு வைத்து, கீழ்ப்பிளக்கைக் கழற்றிப் பதினைந்து நிமிடமாவது வடிய விட வேண்டும். இந்த நேரத்தில் வெளிவரும் ஆயிலையும் பிளக்கையும் கவனித்துப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் உள்நிலையை அதைப் பிரிக்காமலே அறியக் கிடைக்கும் வாய்ப்பு இது. பிளக்கில் காந்தம் இருந்தால் அதன்மேல் மையைப் போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் துகள்கள் இயல்பானவை. விரலில் உருட்டினால் உறுத்துகிற சில்லுகளோ பல்லின் துண்டோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பித்தளை நிற மினுமினுப்பு மிகுதியாக இருந்தால் சிங்க்ரோனைசர் வளையம் தேய்கிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

தண்ணீர் புகுவது நம் ஊரில் அரிதானதன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் எத்தனையோ கார்கள் அச்சுக்கு மேல் நீரில் நின்றன. ஓடிச் சூடான கியர்பாக்ஸோ பின் ஆக்சிலோ திடீரென்று வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது காற்றோட்டத் துளையும் சீல்களும் நீரை உள்ளே இழுத்துவிடும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டிக்கு அட்டவணையைப் பார்க்காமல் கியர் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். வடிந்தது வெளுத்திருந்தால் புதிய ஆயில் ஊற்றிச் சில நாள் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். பின் ஆக்சிலின் மேலே இருக்கும் காற்றோட்டக் குமிழ் சேற்றால் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துத் துடைக்க வேண்டும்; அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, சீல் வழியாக ஆயில் கசியும்.

வடிந்து முடிந்ததும் பிளக்கையும் அதன் காந்தத்தையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, புதிய வாஷர் போட்டு முறுக்க வேண்டும். செம்பு, அலுமினிய வாஷர்கள் நசுங்கி அடைப்பவை. பழையதையே மறுபடி போட்டால் சொட்டும். வாஷர் இல்லாத கூம்பு மரைப் பிளக்கானால் கையேடு சொல்லும் சீலண்டைத் தடவலாம். முறுக்கு விசையைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் முறுக்குவதே பாதுகாப்பு.

நிரப்புவதற்குக் கைப்பம்பு இருந்தால் எளிது. இல்லாவிட்டால் பானெட்டின் மேலிருந்து நீண்ட ரப்பர் குழாயை நிரப்பும் துளைக்குள் செலுத்தி, மேல்முனையில் புனல் வைத்து மெல்ல ஊற்றலாம். சிறிய கார்களில் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் பிடிக்கும். உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு வெளியே வழியத் தொடங்கினால் மட்டம் சரி. வழிவது சொட்டாகக் குறையும்வரை பொறுத்திருந்து பிளக்கை மூட வேண்டும். வடிந்த ஆயிலைப் பழைய பாட்டில்களில் ஊற்றி அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். புதிதாக உள்ளே போனதைவிட மிகவும் குறைவாக வடிந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கீழே இருக்கும்போதே சக்கரத்துக்குச் செல்லும் தண்டுகளின் ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பொலேரோ, ஈகோ போன்ற பின்சக்கர வண்டிகளில் பின் ஆக்சிலின் கிரவுன் கூட்டுக்கும் இதே முறைதான்: மேல் பிளக் முதலில், கீழ்ப் பிளக் பிறகு, விளிம்பு வரை நிரப்புதல். அங்கே ஊற்றுவது பொதுவாக ஜிஎல்-5.

பிரேக் திரவம் மாற்றுதல்

இதை இரண்டு பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் மிதியில், மற்றவர் சக்கரத்தில். வேண்டியவை: புதிய திரவம், பிளீடிங் நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்திலும் திரவத்தை வெளியே விடும் துளைத் திருகு) பொருந்தும் ரிங் ஸ்பேனர், நிப்பிள்மேல் இறுகப் பொருந்தும் கண்ணாடிபோலத் தெளிவான குழாய், பழைய திரவத்தைப் பிடிக்க ஒரு பாட்டில், மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழாய், ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பிரேக் திரவம் பெயின்ட்டைத் தின்றுவிடும்; சொட்டு விழுந்தால் துடைக்காமல் உடனே நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு அணிந்துகொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயிலுக்குப் பயன்படுத்திய புனலையோ பாத்திரத்தையோ இந்த வேலைக்குத் தொடக் கூடாது. பிரேக் அமைப்பின் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துச் சிதையும். தவறி எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் தொட்டியில் ஊற்றிவிட்டால் மிதியைத் தொடாமல், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

தொட்டியின் மட்டம் தாழ்ந்திருந்தால் முதலில் பிரேக் பேடுகளைப் பாருங்கள். பேடு தேயத் தேய காலிப்பரின் பிஸ்டன் வெளியே வருவதால் திரவம் அங்கே இறங்கிவிடும்; அது கசிவாகாது. பேடும் நன்றாக இருந்து மட்டமும் தாழ்ந்திருந்தால் கசிவைத் தேடிச் சரி செய்த பிறகே மேலே தொடர வேண்டும்.

தொட்டியின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, ஊசிக்குழாயால் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து, புதியதை உச்சக் கோடு வரை ஊற்றுங்கள். அடியில் சிறிதளவு விட்டுவிட வேண்டும். துளைகள் வெளியே தெரியும்படி உறிஞ்சினால் காற்று புகும். இந்த ஒரு செயலால் குழாய்களுக்குள் தள்ள வேண்டிய கறுத்த திரவம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேடு சொல்லும். சொல்லாவிட்டால், மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரம் முதலில் என்பது பொதுவழக்கு. இணையத்தில் காணும் அமெரிக்க வழிகாட்டிகள் வலது பின்சக்கரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம், அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வதே. நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் என்பதால் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று வரும். குழாய்களைக் குறுக்காகப் பிரித்திருக்கும் கார்களில் நிறுவனம் வேறு வரிசை தந்திருந்தால் அதையே கொள்ளுங்கள்.

நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றி, துருப்பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை அதன் மரையருகில் வெளிப்புறமாக அடித்து ஊற விடுங்கள். சக்கர வேலைக்கு முன் அதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், டிரம்முக்குள்ளோ டிஸ்க்கின்மேலோ படக் கூடாது. ஓப்பன் ஸ்பேனர் நிப்பிளின் முனைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பேனரே வேண்டும். மிதமான பலத்துக்கு அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்த நிப்பிள் என்றால் வீல் சிலிண்டரையோ காலிப்பரையோ மாற்ற நேரிடலாம்.

நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி, நிப்பிளின் முனைமேல் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைப் பாட்டிலில் சிறிது புதிய திரவத்துக்குள் மூழ்கியிருக்கும்படி வைக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க, மிதியில் இருப்பவர் "மிதித்தேன்" என்று சொல்லி மெல்ல அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். சக்கரத்தில் இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, திரவம் ஓடி நிற்கும் முன் மூடி, "விடு" என்று சொன்ன பிறகே மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது கால் எழுந்தால் காற்று உள்ளே ஏறும். பழைய வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே வழக்கமாகப் பிஸ்டன் போகாத பகுதியில் அரிப்பும் படிவும் இருக்கும். சீல் அதன்மேல் உரசினால் கிழியும். மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தால் இந்தக் கவலை இல்லை.

ஐந்தாறு மிதிப்புக்கு ஒருமுறை தொட்டியைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருங்கள். முழு வேலையிலும் மன்னிக்க முடியாத பிழை தொட்டியை வறள விடுவதுதான்: பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் காற்று அதன் வால்வுத் தொகுதிக்குள் போய்விட்டால் கணினிக் கருவியால் அதை இயக்கித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும். குழாயில் வரும் திரவம் கறுப்பிலிருந்து புதியதன் வெளிர் நிறத்துக்கு மாறி, குமிழி எதுவும் இல்லாமல் வரும்வரை தொடர்ந்து, நிப்பிளை அளவாக இறுக்கி, ரப்பர் மூடியைப் போட்டு அடுத்த சக்கரத்துக்குச் செல்லலாம். தொலைவுச் சக்கரத்துக்கு அதிகமும் அருகிலிருப்பதற்குக் குறைவும் பிடிக்கும். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்சும் இதே தொட்டியிலிருந்து திரவம் பெறுவதால், அதன் நிப்பிளையும் கடைசியில் இவ்வாறே திறந்து விடுங்கள்.

சில ஹைபிரிட் கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் இயங்கும். அவற்றையும் மின்சாரக் கார்களையும் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவரக் கருவி வேண்டியிருப்பதால் வீட்டில் செய்ய வேண்டாம்.

சாலைக்கு எடுக்கும் முன்

தொட்டியை உச்சக் கோடு வரை நிரப்பி மூடியபின், எஞ்சினை இயக்காமல் மிதியைப் பலமுறை அழுத்துங்கள். அது உயரத்திலேயே கல்லாக நிற்க வேண்டும். காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால் மிதி சற்றுத் தாழும். மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம் அது. பிறகு ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. பஞ்சுபோல் இருந்தால் காற்று மீதமிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. எல்லா நிப்பிள்களையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, சக்கர நட்டுகளை முறுக்கிய பிறகு, ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் சிலமுறை நிறுத்திப் பாருங்கள், கைப்பிரேக்கையும் சோதியுங்கள். எல்லா கியர்களையும் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை தரையில் சொட்டு இருக்கிறதா என்று பிளக்குகளின் கீழே பார்க்க வேண்டும். மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய திரவத்தின் வகை ஆகியவற்றைக் கையேட்டின் பின்பக்கம் எழுதி, பில்லையும் அதோடு வையுங்கள்.

பழைய கியர் ஆயில், 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்ட பொருள். சாக்கடையிலோ தென்னைமரத்தடியிலோ ஊற்றுவது நிலத்தடி நீரைக் கெடுக்கும்; சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்பவர்களிடம் கொடுப்பதும் அதையே மண்ணில் சேர்க்கும் வேலைதான். மூடியிட்ட கேனில் ஊற்றி, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரிடம் கொடுங்கள். பிரேக் திரவத்தை அந்தக் கேனில் கலக்கக் கூடாது. கிளைக்கால் கலந்தால் மறுசுத்திகரிப்பு கெடும். அதைத் தனிப் பாட்டிலில், பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருந்து தனியாகவே ஒப்படைக்க வேண்டும்.